மூன்று மணி நேரமும் ஒரு மணியும்

வால்கா என்னும் பெயர் தமிழ் வாசகர்களுக்குப் புதியதன்று. ராகுல சாங்கிருத்தியாயனின் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ என்னும் நூலைத் தமிழில் படித்தவர் பலர் நம்மிடையே உண்டு. ஐரோப்பாவின் மிக நீண்ட ஆறாகிய அந்த வால்கா, ஏறக்குறைய 3,530 கிலோமீட்டர் ஓடிக் காஸ்பியன் கடலில் கலக்கிறது. அதன் மேற்பகுதியில், மாஸ்கோவுக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், உக்லிச் என்றொரு பழம்பெரும் சிறுநகர் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஆற்றுக் கப்பல் பயணம் ஒன்றின் இடையே, நானும் என் துணைவியாரும் அந்நகரில் மூன்று மணி நேரம் தங்கினோம். அம்மூன்று மணி நேரத்தில் கண்டதையும் கேட்டதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரில் நிற்கும் கோபுரம்

மாஸ்கோவிலிருந்து புறப்படும் கப்பல் முதலில் ஒரு கால்வாய் வழியே செல்கிறது. 128 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாய் 1932 முதல் 1937 வரை வெட்டப்பட்டது. வெட்டியவர்களில் பெரும்பாலோர் கைதிகள். கால்வாய் முடிந்து வால்காவில் புகுந்து சில மணி நேரம் சென்றபின், கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தவர்கள் அனைவரும் ஒரு பக்கமாகத் திரும்பினர். நீரின் நடுவே வெண்ணிற மணிக்கூண்டு ஒன்று தனித்து நின்றது. அருகே ஆலயம் இல்லை, வீடுகள் இல்லை, மக்களும் இல்லை.

அது கல்யாசின் நகரின் மணிக்கூண்டு. 1800ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அதன் உயரம் 74 மீட்டருக்கும் மேல். புனித நிக்கோலாஸ் பேராலயத்தைச் சார்ந்தது. உக்லிச்சில் அணை கட்டியபோது ஆற்றுநீர் தேங்கி, கல்யாசின் நகரின் பழைய பகுதி மூழ்கிற்று. பேராலயம் முன்னதாகவே இடிக்கப்பட்டது. கூண்டு மட்டும் எஞ்சியது. பிற்காலத்தில் அதன் அடியைச் சுற்றி மண் கொட்டிச் சிறு தீவு போல் அமைத்துக் காத்து வருகின்றனர்.

அந்த அணையும் அதன் மின்நிலையமும் கைதிகளின் உழைப்பால் எழுந்தவையே. மின்நிலையத்தின் முதல் இயந்திரம் 1940 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. உக்லிச் நகருக்குள் நுழையுமுன் கப்பல் அணையின் அருகே உள்ள மதகுத் தொட்டிக்குள் செலுத்தப்படுகிறது. பின்னால் கதவு மூடப்படுகிறது, நீர் வடிய வடியக் கப்பல் ஓசையின்றிக் கீழே இறங்குகிறது, முன்கதவு திறக்கிறது. ஈரம் சொட்டும் உயர்ந்த சுவர்களைப் பார்த்த என் துணைவியார், “கிணற்றுக்குள் இறங்குவது போலிருக்கிறதே!” என்றார். திறந்த கதவுக்கு அப்பால், ஆற்றின் கரையில், நீலநிறக் குமிழ்களின்மேல் பொன் விண்மீன்கள் பதித்த சிவப்பு ஆலயம் ஒன்று வெயிலில் ஒளிர்ந்தது.

இரத்தத்தின்மேல் எழுந்த ஆலயம்

உக்லிச் நகரின் மக்கள் தொகை சுமார் 30,000. அதன் தோற்றம் 937ஆம் ஆண்டு என்பது மரபு. படகுத்துறையிலிருந்து பழைய கோட்டைப் பகுதிக்கு நடந்து செல்லும் வழியெங்கும் சிறு கடைகள். துணிப் பொம்மைகள், மர ஓவியங்கள், எல்லாவற்றிற்கும் மேலாகக் கைக்கடிகாரங்கள். இந்நகர் ஒரு காலத்தில் கடிகாரத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இங்குச் செய்யப்பட்ட கடிகாரத்திற்குச் ‘சாய்க்கா’ என்று பெயர். கடற்பறவை என்பது பொருள். விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்மணியாகிய வாலண்டினா தெரெஷ்கோவா 1963இல் விண்ணிலிருந்து பேசியபோது தாங்கியிருந்த அழைப்புப் பெயரும் அதுவே. அவரும் இந்த யாரொஸ்லாவ்ல் மாநிலத்தில் பிறந்தவர்தாம்.

கோட்டைக்குள் 1713ஆம் ஆண்டைச் சேர்ந்த உருமாற்றப் பேராலயம் இருக்கிறது. உள்ளே தூண்களே இல்லாத பரந்த கூடம். ரபேல் வரைந்த ஆண்டவரின் உருமாற்றக் காட்சியைப் பின்பற்றிய ஓவியம் ஒன்றை அங்கே காணலாம். அதன் மூல ஓவியம் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. உரோமையின் ஓவியர் கண்ட காட்சி வால்காக் கரையின் ஆர்த்தொடாக்ஸ் ஆலயத்தில் இடம்பெற்றிருப்பதைக் காண மனம் நெகிழ்ந்தது. ஆடவர் சிலர் இசைக்கருவி ஏதுமின்றி வழிபாட்டுப் பாடல்களைப் பாடினர். அவ்வடித்தொண்டைக் குரல்கள் கூடம் முழுதும் நிறைந்தன.

சில அடிகள் தள்ளி, ஆற்றைப் பார்த்தபடி நாங்கள் கப்பலிலிருந்து கண்ட சிவப்பு ஆலயம். 1692இல் கல்லால் கட்டப்பட்ட அதன் பெயர் ‘இரத்தத்தின்மீது புனித திமித்ரி ஆலயம்’. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இரத்தம் சிந்தி இறந்த இடத்தில் அது நிற்கிறது.

1591 மே 15

‘கொடியவன்’ என வரலாறு அழைக்கும் நான்காம் இவான் மன்னர் 1584இல் இறந்தார். அவருக்குப்பின் மகன் பியோதர் அரியணை ஏறினார். அவர் உடலும் உள்ளமும் மெலிந்தவர். ஆட்சியை உண்மையில் நடத்தியவர் அவருடைய மைத்துனர் போரிஸ் கொதுனோவ். இவான் மன்னரின் கடைசி மனைவி மரியா நாகாயா. அவருடைய மகன் திமித்ரி. குழந்தையும் தாயும் உக்லிச் நகருக்கு அனுப்பப்பட்டனர். பியோதருக்குப் பிள்ளையில்லை. ஆதலால் இச்சிறுவனே அரச மரபின் கடைசித் தளிர்.

1591 மே 15, பழைய நாட்காட்டியின்படி ஒரு சனிக்கிழமை. அரண்மனை முற்றத்தில் நான்கு சிறுவர்களோடு திமித்ரி கத்தியைத் தரையில் எறிந்து குத்தவைக்கும் விளையாட்டில் ஈடுபட்டிருந்தான். திடீரென்று கூக்குரல் எழுந்தது. தாய் ஓடிவந்தபோது சிறுவன் கழுத்தில் காயத்துடன் கிடந்தான். துயரமும் சினமும் கண்ணை மறைக்க, அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியை விறகுக்கட்டையால் அடித்து, “உன் மகனும் அரசாங்க அதிகாரியின் மகனுமே கொன்றார்கள்” என்று குற்றம் சாட்டினாள். ஆலய மணி ஒலித்தது. நகர மக்கள் திரண்டனர். கேள்வி கேட்பாரில்லை, விசாரிப்பாரில்லை. மாஸ்கோவின் அதிகாரி பித்யகோவ்ஸ்கியும் அவர் மகனும் உட்பட 15 பேர் அடித்துக் கொல்லப்பட்டனர்.

மாஸ்கோவிலிருந்து வாசிலி சூய்ஸ்கி என்னும் பிரபுவின் தலைமையில் விசாரணைக் குழு வந்தது. சிறுவனுக்கு வலிப்பு நோய் இருந்ததென்றும், விளையாடுகையில் நோய் கண்டு தன் கையிலிருந்த கத்தியின்மேல் தானே விழுந்தான் என்றும் குழு முடிவு கூறிற்று. உடன் விளையாடிய சிறுவர்களும் அவ்வாறே சாட்சி சொன்னார்கள். அதன்பின் தண்டனை தொடங்கியது. தாய் கன்னியர் மடத்திற்கு அனுப்பப்பட்டு, மார்த்தா என்னும் பெயருடன் துறவியாக்கப்பட்டாள். நகரத்தார் பலர் கொல்லப்பட்டனர். பலர் குடும்பத்தோடு சைபீரியாவுக்குத் துரத்தப்பட்டனர்.

மணியும் தப்பவில்லை. மக்களைக் கூட்டிய குற்றத்திற்காக அதைக் கூண்டிலிருந்து இறக்கி, கசையால் அடித்து, நாக்கைப் பிடுங்கி, சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகருக்கு நாடு கடத்தினார்கள் என்பது வழிவழிச் செய்தி. உக்லிச் மக்களின் விண்ணப்பத்திற்கு இணங்கி, 1892இல், ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப்பின் அது திருப்பி அனுப்பப்பட்டது. தொபோல்ஸ்கில் பழைய மணி தீயில் உருகியிருக்கலாம், திரும்பி வந்தது வேறொன்றாயிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. எங்ஙனமாயினும், உக்லிச் மக்களுக்கு அதுவே அவர்களுடைய மணி. ஆலயத்திற்குள் தாழத் தொங்கும் அதைத் தொட்டுப் பார்க்கும் தொலைவில் நின்றோம். பெரிய மணியன்று, நம் பங்கு ஆலயங்களில் இதனினும் பெரிய மணிகளைக் கண்டிருக்கிறோம்.

சாட்சி மாறிய நாவுகள்

கதை அத்துடன் முடியவில்லை. 1598இல் பியோதர் இறக்க, போரிஸ் கொதுனோவ் மன்னரானார். “போரிஸே சிறுவனைக் கொல்வித்தார்” என்னும் பேச்சு நாடெங்கும் பரவியிருந்தது. பின்னர், “சிறுவன் இறக்கவேயில்லை, நானே திமித்ரி” என்று கூறிக்கொண்டு ஓர் இளைஞன் போலந்து நாட்டில் தோன்றினான். வரலாறு அவனைப் ‘போலி திமித்ரி’ என்றழைக்கிறது. அவன் 1604இல் கிராக்கோவில் இரகசியமாகக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தான். பாப்பரசர் எட்டாம் கிளமெண்டுக்கு மடலும் எழுதினான். அவன் வழியாக ரஷ்யா உரோமையுடன் இணையும் என்று நம்பியவர்கள் நம்மவரிடையே இருந்தனர். பொய்யின் தோளில் ஏறி மெய்ம்மறையைப் பரப்ப இயலும் என்று எண்ணிய அப்பிழையை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1605இல் முடிசூடிய அவன், ஓராண்டிற்குள் மாஸ்கோவில் எழுந்த கலகத்தில் கொல்லப்பட்டான்.

விசாரணை நடத்திய சூய்ஸ்கி என்ன செய்தார் தெரியுமா? 1591இல், “சிறுவன் விபத்தால் இறந்தான்” என்றார். போலி திமித்ரி வெற்றியோடு வந்தபோது, “உண்மையான இளவரசர் தப்பிவிட்டார்” என்றார். 1606இல் தாமே மன்னரானதும், “போரிஸ் கொல்வித்தார்” என்று அறிவித்தார். அதே ஆண்டில் சிறுவனின் உடல் மாஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டு, கிரெம்ளினின் அதிதூதர் பேராலயத்தில் வைக்கப்பட்டது. ஆர்த்தொடாக்ஸ் திருச்சபை அவனைப் புனிதனாக அறிவித்தது.

பெற்ற தாயின் நிலை இன்னும் பரிதாபம். மடத்திலிருந்து அழைத்துவரப்பட்ட மார்த்தா, 1605இல் மக்கள் முன்னிலையில் அந்தப் போலியைத் தன் மகனென ஏற்றாள். அவன் வீழ்ந்தபின் மறுத்தாள். அச்சமா, மடத்தின் சிறையினின்று மீளும் ஆசையா, போரிஸின் குடும்பத்தின்மீது கொண்ட பகையா? நாம் தீர்ப்பிட வேண்டா. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் கண்ணீரைக்கூட அரசியல் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது என்பதே உண்மை.

சிறுவன் எவ்வாறு இறந்தான் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை.

மணியோசை கேட்டபின்

எங்களுக்கு வழிகாட்டிய பெண்மணி ஆலயச் சுவரிலிருந்த ஓவியங்களைக் காட்டினார். சிறுவனின் மரணம் அங்கே கொலையாகவே தீட்டப்பட்டுள்ளது. பின்னர் அவர் மணியருகே நின்று, அந்நாளில் இவ்வோசையைக் கேட்டிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எங்களைக் கேட்டார். எங்கள் குழுவில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே 2018ஆம் ஆண்டின் மே மாதத்தில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. குலதெய்வக் கோவிலைத் தேடிக் குடும்பத்தோடு சென்ற மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி அந்நாட்களில் கைப்பேசிகள் வழியே பரவியிருந்தது. ஊரார் திரண்டு அடித்ததில் அவர் உயிர் போயிற்று. அடித்தவர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்களே. தங்கள் குழந்தைகளைக் காப்பதாகவே நம்பினார்கள். உக்லிச் மக்களும் ஒரு குழந்தைக்காகவே கையோங்கினர். குழந்தைகள்மீது கொண்ட அன்பே விசாரியாத சினமாக மாறும்போது எத்தனை கொடியதாகிவிடுகிறது!

மணிக்கூண்டில் தொங்கிய மணி ஊருக்கு ஒன்றே. இன்று வீட்டுக்கு நான்கு மணிகள் நம் சட்டைப் பைகளிலேயே இருக்கின்றன. எவர் வேண்டுமானாலும் எந்நேரமும் அடிக்கலாம். கேட்டதை விசாரியாமல் அடுத்தவருக்கு அனுப்பும் ஒவ்வொருவரும் அந்த மணியின் கயிற்றை இழுப்பவரே. அவ்வாறு நானும் இழுத்ததுண்டு. உறவினர் அனுப்பிய பிள்ளைபிடிப்புச் செய்தி ஒன்றை, எச்சரிக்கையாயிருக்கட்டும் என்றெண்ணி, பதின்மருக்கு அனுப்பியிருந்தேன். நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினேன். ஆனால் அது மெய்யா என்று ஒருவரையும் கேட்கவில்லை.

கப்பலின் ஊதல் கேட்டது. 1628ஆம் ஆண்டைச் சேர்ந்த, முக்கூம்புக் கோபுரமுடைய ‘அற்புத’ ஆலயத்தைக் காண நேரம் போதவில்லை. கடிகாரம் வாங்க நினைத்த என் துணைவியாரும் வெறுங்கையோடு திரும்பினார். மாலை வெயிலில் சிவப்பு ஆலயம் மெல்லப் பின்னே சென்றது. முன்னே இருந்தது ரீபின்ஸ்க் நீர்த்தேக்கம். 1941இல் நீர் நிரப்பத் தொடங்கியபோது மொலோகா என்னும் நகரையும் நூற்றுக்கணக்கான ஊர்களையும் விழுங்கிய நீர்ப்பரப்பு அது.

2022இல் உக்ரேனில் போர் மூண்டபின் அயல்நாட்டுப் பயணிகள் அப்பக்கம் செல்வது பெரிதும் குறைந்துவிட்டது. அந்தப் போரைப் பற்றியும் எத்தனையோ மணிகள் எத்திசையிலும் ஒலிக்கின்றன. செய்தி எதுவாயினும் அதைப் பிறருக்குச் சொல்லுமுன் எங்கள் வீட்டில் இப்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறோம்: “இதைக் கண்டவர் யார்?” விடை கிடைக்காத செய்தி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. உக்லிச்சிலிருந்து நாங்கள் கொண்டுவந்த பொருள் அது ஒன்றே.