வேட்டு வெடிக்காத ஊருக்குத் தண்ணீர் வரும் வழி

தீபாவளிக் காலையில் கொள்ளுகுடிப்பட்டியில் எண்ணெய்க் குளியல் உண்டு, புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு. வேட்டு மட்டும் கிடையாது. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டத் தொடங்கும் நேரம் அது. ஏறக்குறைய அரை நூற்றாண்டாக இந்த ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்புக்கு ஆசைப்பட்டும் வெடிக்கு அடம் பிடிக்காமலும் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளையும் அப்படியே வளர்த்துவிட்டார்கள். கல்யாணம், கோயில் திருவிழா என்றாலும் அதே கட்டுப்பாடுதான். வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்புக் கொண்டுவந்து கொடுத்துப் பாராட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

மதுரையிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்குப் போகும் வழியில் இருக்கிறது, இந்த ஊர்க் கண்மாயையும் சேர்த்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர். 1977-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியதும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, சாம்பல் நாரை, வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கன் என்று கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும்.

ஒரு சரவெடி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். வெடிச் சத்தத்துக்குத் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழும்பினால், அது திரும்பி வருவதற்குள் காகம் முட்டையைக் கொத்திவிடும். மிரட்சியில் குஞ்சு கிளையிலிருந்து தவறி விழுந்தால் பிழைப்பது அரிது. சத்தம் தொடர்ந்தால் பறவைகள் கூட்டையே கைவிட்டுப் போய்விடும். இதை ஊர்க்காரர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கரையில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

இதே மாவட்டத்தில் உள்ள பொத்தகுடியின் கதை 2020-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தெருவிளக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி வைக்கோலும் இலையும் சேர்த்துக் கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. ஸ்விட்சைத் தொட்டால் கூடு கலையும். ஊரே பேசி, குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை விளக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தது. 35 தெருவிளக்குகளும் ஒரு மாதத்துக்கும் மேலாக எரியவில்லை. ஒரேயொரு கூட்டுக்காக நூறு வீட்டு மக்கள் கைபேசி வெளிச்சத்தில் நடந்தார்கள். போராட்டம், பதாகை எதுவும் இல்லாமல் நடந்த சூழலியல் செயல்பாடு அது. இதைவிடச் சுத்தமான ஒன்றைக் காட்டுவது கடினம்.

பட்டாசை நம்பிச் சிவகாசிப் பக்கம் லட்சக்கணக்கானோர் பிழைக்கிறார்களே என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால், நாலைந்து கண்மாய்க் கரைகளில் வேட்டு வெடிக்காததால் அந்தத் தொழில் படுத்துவிடாது.

உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. வேட்டு வெடிக்காததற்காக ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த ஊரைப் படம் பிடிக்கிறோம். கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா, அது எந்த வழியாக வருகிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் பொய்த்தது. அப்படிப்பட்ட ஆண்டில் ஊர் எவ்வளவு அமைதி காத்தாலும் நாரைக்கு அங்கே வேலையில்லை. நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். நத்தையைப் பிடித்துத் தின்பதற்கென்றே அமைந்த அலகு அது. வயலிலும் கண்மாய் ஓரத்திலும் ஈரமில்லை என்றால் நத்தை ஏது? மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் பூனையும் நாயும் கூட்டுப் பக்கம் அண்டாது. தண்ணீர்தான் அந்தக் கூட்டுக்கு வேலி.

மழை பொய்ப்பது நம் கையில் இல்லை. பெய்த மழை கண்மாய்க்கு வந்து சேராமல் போவது முழுக்க முழுக்க நம் கைவேலை. சிவகங்கை, ராமநாதபுரம் சீமையின் கண்மாய்கள் சங்கிலித் தொடராக வெட்டப்பட்டவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால், அந்தத் தண்ணீர் வரத்துக்கால் வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். இடையில் ஒரு கால்வாய் பிளாட்டாகவோ சாலையாகவோ மாறினால் கீழே உள்ள ஊர்கள் அத்தனையும் காயும். மாறாத இடங்களில் சீமைக் கருவேலம் புதராக அடைத்துக்கொள்கிறது. குடிமராமத்து என்ற பெயரில் ஊர் கூடித் தூர்வாரிய வழக்கம் இருந்தவரை, வரத்துக்காலில் ஒருவர் மண்ணைத் தள்ளினாலும் ஊர் கேட்கும். இன்று கேட்க ஆளில்லை.

தூர்வாருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மண்ணுக்காக ஓரிடத்தில் ஆழக் குழி தோண்டுவதைத் தூர்வாரல் என்று சொல்லிவிட முடியாது. நாரைகள் நீந்தி இரை தேடுபவை அல்ல, நடந்து தேடுபவை. முழங்கால் ஆழத்தில் தண்ணீர் பரந்து நின்றால்தான் அவற்றுக்குச் சாப்பாடு. பொக்லைன் பறித்த குழிகள் கோடைவரை தண்ணீர் வைத்திருக்கலாம். நாரைக்கு அதனால் பயனில்லை. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தைச் சீமைக் கருவேலத்தோடு சேர்த்துப் பிடுங்கிவிட்டால், கூடு கட்டவும் இடமிருக்காது.

பறவையால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் வேடந்தாங்கலைப் பார்க்கலாம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது என்பதை அங்குள்ள விவசாயிகள் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டுக்கு முன்னால் நிற்கும் மரங்களிலேயே கூடு கட்ட விடுகிறார்கள். எச்ச நாற்றத்தை அந்த ஊர் ஒரு குறையாகச் சொல்வதில்லை. அந்தச் சரணாலயம், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. பெருமைதான். ஆனாலும் பட்டியலில் இடம் கிடைத்த குளத்துக்கும் கிடைக்காத குளத்துக்கும் தண்ணீர் வருவது வரத்துக்கால் வழியாகத்தான்.

கொள்ளுகுடிப்பட்டிப் பிள்ளைகள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மிச்சம் பெரியவர்கள் பங்கு. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னால், உங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்காலைத் தலைமாட்டிலிருந்து கடைசிவரை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கெங்கே அடைப்பு என்று குறித்துக்கொண்டு போய், சபையில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மழைக்கு அப்போதும் இரண்டு மாதம் இருக்கும்; அடைப்பை எடுக்க அது போதும்.