விரல் அறியும் தரமும் வெயில் அறியும் தரமும்

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் கடிதம். பழைய கார் சந்தையில் ஆசைப்பட்டு ஓர் உயர்ரக வெளிநாட்டுக் காரை வாங்கியிருக்கிறார். இன்ஜினில் குறையில்லை, பெயின்ட்டும் மங்கவில்லை. ஆனால் கதவுக் கைப்பிடியும் ஜன்னல் கண்ணாடி ஏற்றும் பட்டன்களும் தொட்டால் விரலில் ஒட்டுகின்றன. துணியால் துடைத்தால் துணியின் இழைகளும் சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. அவருடைய மைத்துனரிடம் அதைவிட வயதான ஒரு சின்னக் கார் இருக்கிறதாம். உள்ளே முழுக்கக் கெட்டிப் பிளாஸ்டிக். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. "அதிக விலை கொடுத்தவனுக்குத்தான் இந்தத் தண்டனையா?" என்று கேட்கிறார்.

கார்க் கம்பெனிகள் ஒன்றோடொன்று முப்பது வருடமாக நடத்திவரும் ஒரு பெரிய வழக்கின் நடுவில் இந்தக் கேள்வி போய் நிற்கிறது. காரின் உள்புறத்தில் எதைத் தரம் என்பது?

மோட்டார் பத்திரிகைக்காரர்கள் புதுக் காரில் ஏறியதும் டேஷ்போர்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார்கள். மெத்தென்று உள்ளே போனால் உயர்தரம்; டொக்கென்று சத்தம் வந்தால் மலிவு. இந்த விரலுக்குப் பெரிய கம்பெனிகள் பயந்த கதைகள் உண்டு. 1990-களில் ஃபெர்டினாண்ட் பியெக் தலைமையில் இருந்த ஃபோக்ஸ்வேகன், 1996-இல் வந்த பஸ்ஸாட்டிலும் 1997-இல் வந்த கோல்ஃபிலும், அந்த விலைக்கு யாரும் தராத உள்புறத்தைத் தந்தது. கூரைக் கைப்பிடியை இழுத்து விட்டால் படாரென்று அடிக்காமல் மெல்லத் திரும்பிப் படியும். போட்டிக் கம்பெனிகள் எல்லாம் அதைப் பார்த்துப் படிக்க வேண்டியதாயிற்று. 2011-இல் அமெரிக்காவில் வந்த ஹோண்டா சிவிக்கைக் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. சொன்ன காரணங்களில் உள்புறத்தின் மலிவும் ஒன்று. வழக்கமாக மூன்று நான்கு வருடம் காத்திருந்து மாற்றும் ஹோண்டா, அடுத்த வருடமே டேஷ்போர்டை மெத்தென்று ஆக்கிக் கொண்டுவந்தது. எல்லாருக்கும் பாடம் எடுத்த ஃபோக்ஸ்வேகனே 2017-இல் டி-ராக் காரில் கெட்டிப் பிளாஸ்டிக்கை வைத்துத் திட்டு வாங்கியது. பிறகு வந்த புதுப்பிப்பில் மெத்தென்ற மேல்புறத்தைப் பொருத்தியது.

இந்த மென்மை முதலில் விரலுக்காக வந்ததல்ல, தலைக்காக வந்தது. அந்தக் கால டேஷ்போர்டு இரும்புத் தகடு. விபத்தில் முன்னால் தூக்கி எறியப்படுகிறவரின் நெற்றி அதில்தான் மோதும். 1956-ஆம் வருடக் கார்களில் ஃபோர்டு கம்பெனி, உள்ளே பஞ்சு வைத்த டேஷ்போர்டை, கூடுதல் பணம் கொடுத்தால் கிடைக்கும் பாதுகாப்பு வசதியாக விற்றது. 1968-இலிருந்து அமெரிக்கச் சட்டமே, உள்ளே மோதுகிறவருக்கு அடி குறையும்படி டேஷ்போர்டு இருக்க வேண்டும் என்றது. பெல்ட்டும் ஏர்பேக்கும் வந்த பிறகு அந்த மென்மைக்கு உயிர் காக்கும் வேலை குறைந்தது. ஷோரூமில் மனம் கவரும் வேலை கூடியது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

மெத்தென்ற டேஷ்போர்டுக்கு மூன்று அடுக்கு. அடியில் கெட்டிப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, நடுவில் பாலியூரித்தேன் நுரை, மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தோல். அந்தத் தோலைச் செய்யும் விதம் ஆப்பம் சுடுவதைப் போன்றது. நிக்கலால் ஆன அச்சை நன்றாகச் சூடாக்கி, அதில் பிவிசி தூளைக் கொட்டிச் சுழற்றுகிறார்கள். சூடு பட்ட இடத்தில் தூள் உருகி ஒட்டுகிறது; ஒட்டாத மீதியைத் திரும்பக் கவிழ்த்துவிடுகிறார்கள். ஆறியதும் உரித்தால் முழு டேஷ்போர்டுக்கும் ஒரே தோல். அதன் மேல் தெரியும் மாட்டுத்தோல் சுருக்கங்கள், அச்சின் உட்புறத்தில் ஏற்கெனவே பதித்து வைத்தவை. பயணி பக்கத்தில் ஏர்பேக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டுமே? தோலின் பின்பக்கம், வெளியே தெரியாத கோடாக லேசரால் அரை ஆழத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். முன்னாலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தக் கோடு தெரியாது.

இவ்வளவு வேலைக்கு ஆகும் செலவை எங்கே மிச்சம் பிடிப்பது என்பதில்தான் போட்டி. கையும் முழங்கையும் படும் இடத்தில் மென்மை, முழங்காலுக்குக் கீழே கெட்டி. முன் கதவில் மென்மை, பின் கதவில் கெட்டி. அடுத்த முறை யாருடைய காரிலாவது ஏறினால் பின் கதவின் மேல்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் கம்பெனியின் கணக்கு தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது பிக்கப் டிரக்குகளில். ஜெனரல் மோட்டார்ஸுக்கு 2001-இல் வந்து சேர்ந்த பாப் லுட்ஸ், தன் கம்பெனிக் கார்களின் உள்புறம் மட்டம் என்று வெளிப்படையாகவே பேசியவர். அவர் காலத்தில் வந்த 2007 சில்வராடோ டிரக்குக்கு இரண்டு டேஷ்போர்டுகள்: மண்ணும் சிமென்ட்டும் ஏற்றுகிறவருக்கு ஒன்று, குடும்பத்தோடு போகிறவருக்கு ஒன்று. கிரைஸ்லர் தரப்பின் ராம் டிரக் 2011-இல் உண்மையான வால்நட் மரத் தகடும், குதிரைச் சேணப்பை போல பக்கிள் வைத்த இருக்கைப் பைகளுமாக ஒரு மாடலை இறக்கியது. 2019-இல் அதே ராம் 12 அங்குலத் திரையோடு வந்தபோது, அந்த வருடமே புதிதாக வந்த சில்வராடோவின் உள்புறம் அதன் பக்கத்தில் பழசாகத் தெரிந்தது. மூன்று வருடத்தில் 13.4 அங்குலத் திரையோடு பதில் சொன்னது சில்வராடோ. ஃபோர்டு தன் பங்குக்கு, 2021 எஃப்-150-இல் கியர் கம்பியை மடக்கிவிட்டு மேசையாக விரிக்கும் பலகையை வைத்தது. வண்டியிலேயே உட்கார்ந்து பில் எழுதுகிற மேஸ்திரியை யாரோ நினைத்திருக்கிறார்கள். திரை அளவுகளைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பலகைதான்.

இனி, பிசுபிசுப்புக்கு வருவோம். இந்த விஷயம் முழுவதிலும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதுதான்.

பட்டன்களை நுரையும் தோலும் வைத்துச் செய்ய முடியாது, அவை சின்னவை. அதனால் கெட்டிப் பிளாஸ்டிக் பட்டன் மேல் பாலியூரித்தேன் பூச்சைத் தெளித்தார்கள். வெல்வெட்டைத் தடவுவது போன்ற உணர்வு, பளபளப்பு இல்லாத கறுப்பு, அடியில் இருப்பது மலிவான பிளாஸ்டிக் என்று தெரியவே தெரியாது. 1990-களின் கடைசியிலிருந்து உயர்ரகக் கார்களில் இது பரவியது. ஆனால் அந்தப் பூச்சின் நீளமான மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் என்னும் இணைப்புகள் இருந்தால், அவற்றைத் தண்ணீர் வெட்டும். மழையில் நனைய வேண்டியதில்லை, காற்றில் இருக்கும் ஈரமே போதும். ஒவ்வொரு வெட்டிலும் சிறிது அமிலம் உண்டாகிறது; அந்த அமிலம் அடுத்த வெட்டை வேகப்படுத்துகிறது. சங்கிலிகள் குட்டையாகிக் குட்டையாகி, ஒரு நாள் பூச்சு பழைய பசையாகிவிடுகிறது. பல லட்சம் டாலர் பெறும் ஃபெராரிகளிலும் இதே கதை. ஒட்டும் பட்டன்களைக் கழற்றி, சுரண்டி, புதிதாகப் பூசித் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

வினோதம் என்னவென்றால், பயன்படுத்தாமல் பூட்டி வைத்தாலும் இது நிற்காது. பரணில் பெட்டிக்குள் பத்திரமாக வைத்த நல்ல ஷூவை நாலைந்து வருடம் கழித்துப் போட்டு நடந்தால், அடிப்பாகம் தூள் தூளாக உதிருமே, அதுவும் இதே வேதியியல்தான். அங்கே நுரை உதிர்கிறது, இங்கே பூச்சு இளகுகிறது. வெப்பமும் ஈரமும் கூடக் கூட வேகம் கூடும். உப்பங்காற்று வீசும் கடலோர ஊரில், பகலெல்லாம் வெயிலில் நிற்கும் காருக்கு இரண்டும் தாராளம்.

பட்டனோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. டேஷ்போர்டுத் தோலே இளகிய வரலாறும் உண்டு. 2000-களின் நடுவில் வந்த சில டொயோட்டா மாடல்களில், கேம்ரி உட்பட, டேஷ்போர்டு வெயில் நாளில் எண்ணெய் தடவியது போலப் பளபளத்து ஒட்டியது. முன் கண்ணாடியில் அதன் ஒளி எதிரொளித்துச் சாலையை மறைத்தது. அமெரிக்காவில் கம்பெனி 2014-இல் வாரண்டியை நீட்டித்து டேஷ்போர்டுகளை மாற்றித் தந்தது. வெயில் எவ்வளவு கடுமையானது என்பதற்கு, அரிசோனாவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் டேஷ்போர்டின் சராசரி வெப்பம் 69 டிகிரி செல்சியஸ், ஸ்டியரிங்குக்கு 53. விரல் அழுத்திப் பார்த்து மதிப்பெண் போடும் ஷோரூமிலோ ஏசி ஓடுகிறது.

பிளாஸ்டிக்குகளைப் பரிசோதிக்க ஈரவெப்பத்துக்கு ஃபுளோரிடாவும் வறண்ட வெப்பத்துக்கு அரிசோனாவும் உலகம் முழுக்க அளவுகோலாக இருக்கின்றன. கையில் பூசும் சன்ஸ்கிரீன் உட்புறத்தை என்ன செய்கிறது என்றுகூட ஃபோர்டு சோதிக்கிறது. நம் தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. வாரம் ஒருமுறை நல்லெண்ணெயும் இருக்கிறது. இங்கே விற்கிற கார்களின் தலைசாய்மானத்துக்கு அதையும் பூசிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தூத்துக்குடி நண்பருக்கு: பட்டனில் இருப்பது அழுக்கல்ல, அழியும் பூச்சு, தண்ணீரும் சோப்பும் உதவாது. மருந்துக்கடையிலோ எலக்ட்ரானிக் சாமான் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் பூச்சு முழுவதும் கழன்று, அடியில் இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் வெளியே வரும். எழுத்தும் குறியீடும் பூச்சோடு போய்விடக்கூடும். அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிலும் மட்டும் எடுங்கள். மிச்சமாவது உங்கள் மைத்துனர் காரில் இருக்கும் அதே வகைப் பொருள். அது நிலைக்கும்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டேஷ்போர்டில் மினுமினுக்கும் பாலிஷை வாராவாரம் தெளிக்கிறோம். அது கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசவைக்கிறது, தூசியையும் பிடித்துவைக்கிறது. டேஷ்போர்டு மேல் வைக்கும் சென்ட் பாட்டில் கவிழ்ந்தால் அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை அரித்துத் தழும்பாக்குகிறது. புது வண்டி இருக்கையின் பாலித்தீன் உறையை மாதக்கணக்கில் பிரிக்காமல் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கிறோம். ஈரத்துணியும், முன் கண்ணாடிக்கு ஒரு வெயில் தடுப்பு அட்டையும் போதும். நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு பேச்சும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உட்காருகிறவரின் விரலைப் பற்றியது. பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறவரும் இருக்கிறார். சரக்கு லாரிகளின் உட்புறத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் போட்ட போட்டி எனக்கு மிக மரியாதையான போட்டியாகத் தெரிகிறது. 1979-இல் வால்வோ, ஓட்டுநர் உள்ளே நிமிர்ந்து நிற்கும் அளவு கூரையை உயர்த்தி குளோப்டிராட்டர் கேபினைக் கொண்டுவந்தது. 1990-இல் ரெனால்ட் இன்னொரு படி போய், மேக்னம் லாரியில் கேபினையே இன்ஜினுக்கு மேலே தூக்கி, நடுவில் மேடில்லாத சமதளத் தரையைத் தந்தது. படுக்கையிலிருந்து இறங்கி நின்று சட்டை மாற்றிக்கொள்ள முடியும். அங்கே தரத்தை முதுகையும் தூக்கத்தையும் வைத்து அளந்தார்கள்.

நம் பக்கத்தில் லாரி வெகுகாலம் கேபினே இல்லாத சேஸிஸாகத்தான் விற்றது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில்தான் மரமும் தகடும் வைத்து கேபின் கட்டினார்கள். அந்தப் பட்டறைக்காரர்களின் கைத்திறன் பெரியது. ஆனால் ஓட்டுநரின் தொடைக்குப் பக்கத்திலேயே இன்ஜின் மூடி கொதித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் 1, 2025 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. சேஸிஸாக விற்றால், அங்கீகாரம் பெற்ற ஏசி கிட்டையும் கம்பெனி சேர்த்துத் தர வேண்டும்.

கிட் வந்தால் மட்டும் குளிர்ந்துவிடாது. கூரைத் தகட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கும் அடுக்கு, இன்ஜின் மூடிக்கு நல்ல உறை, கதவைச் சுற்றி இறுகப் பிடிக்கும் ரப்பர், தரையில் பெடலும் வயரும் போகும் துளைகளுக்கு அடைப்பு. இவை இல்லாவிட்டால் கம்ப்ரஸர் டீசலைக் குடித்துக்கொண்டு ஓடும். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓட்டுவார். பாடி கட்டப் பணம் கொடுக்கும்போது பெயின்ட் வேலையையும் முகப்பு அலங்காரத்தையும் நின்று பார்த்து வாங்கும் லாரி உரிமையாளர்கள், இந்த நான்கையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லி, கேபினில் ஏறிக் கதவைச் சாத்திப் பார்த்து வண்டியை எடுக்க வேண்டும்.