செப்புக் கம்பி செய்த வேலை

ஐம்பது அறுபது மேஜைகளில் இருக்கும் தொலைபேசிகளை ஒன்றோடொன்றும் வெளியுலகத்தோடும் இணைத்துவைக்கும் சிறு எக்ஸ்சேஞ்சு ஒன்று அலுவலகத்துக்குப் புதிதாக வந்து இறங்கினால், மின்சாரம் கொடுத்து, முகப்பில் விளக்கும் எரிந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் அநேகர். பழைய யந்திரங்களைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தைப் பெரிய பிழை என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் நடத்திவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-ல் தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்குக் காப்புரிமை பெற்ற நாள் முதல், நம் நாட்டில் 1984-ல் தொடங்கப்பட்ட ஸி-டாட் ஸ்தாபனம் கிராமங்களுக்கென்று செய்தளித்த எக்ஸ்சேஞ்சுகள் வரையில், சந்தாதாரர் இன்னார் என்பதை நிர்ணயித்தது அவர் வீட்டிலிருந்து வந்து சேர்ந்த செப்புக் கம்பியே. அடையாளமும் அதில் வந்தது. குரலும் அதில் சென்றது. எக்ஸ்சேஞ்சின் பாட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் அதே கம்பியில் வந்தமையால், ஊர் முழுவதும் இருண்டு கிடந்த இரவிலும் தொலைபேசி மணி ஒலித்தது.

இன்று மேஜைக்கு வந்து சேருவதோ கம்ப்யூட்டருக்குப் போடும் அதே கேபிள். அதன் முனையில் அமர்ந்திருப்பவர் மானேஜரா, காவலாளியா என்பதைக் கேபிளைக் கொண்டு அறிய எந்த யந்திரத்துக்கும் சக்தி இல்லை. ஆகவே, செப்புக் கம்பி வாய் திறவாமலே செய்துகொண்டிருந்த காரியங்கள் ஒவ்வொன்றையும் இப்போது எழுத்தில் வடித்து யந்திரத்துக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. டெக்னீஷியன்கள் கான்ஃபிகர் செய்வது என்று குறிப்பிடும் வேலை, சாராம்சத்தில், இவ்வளவுதான்.

முதலில் ஐபி முகவரி. எக்ஸ்சேஞ்சுப் பெட்டிக்கு மாறாத முகவரி ஒன்றைக் கையால் எழுதி நிலைநிறுத்த வேண்டும். அது இன்றைக்கொன்றும் நாளைக்கொன்றுமாக மாறுமானால், அதைத் தேடிச் செல்லும் தொலைபேசிகள் யாவும் ஒரு காலைப் பொழுதில் ஒருசேர ஊமையாகிவிடும். தொலைபேசிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவை விழித்தெழும்போதே முகவரி கேட்கும். முகவரியை வழங்கும் டிஹெச்சிபி என்ற சேவை, உன் அமைப்புக் கோப்பு இன்ன சர்வரில் இருக்கிறது என்ற தகவலையும் கூடவே கொடுத்தனுப்பும். அதன் பிறகு ஒவ்வொரு கருவியும் தன் எக்ஸ்டென்ஷன் எண்ணையும் கடவுச்சொல்லையும் காட்டிப் பெட்டியிடம் பதிவு செய்துகொள்ளும். மின்சாரத்தைக்கூட அதே கேபிளில் அனுப்பும் முறை 2003-ல் தரப்படுத்தப்பட்டு, சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டிலும் 15.4 வாட் வரை கிடைக்கச் செய்தது. எனினும் அந்தச் சுவிட்சுக்கு யுபிஎஸ் இல்லையேல், பழைய செப்புக் கம்பியின் பெருமை நமக்குத் திரும்பக் கிடைப்பதில்லை.

குரல் பிரயாணம் செய்யும் விதம் சற்று விசேஷமானது. விநாடிக்கு 8,000 முறை அளந்தெடுக்கப்பட்ட குரல், 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட் வீதம், விநாடிக்கு 50 பாக்கெட்டுகளாகப் புறப்படுகிறது; ஒவ்வொன்றிலும் 160 பைட் குரலும், அதைச் சுமந்து செல்லும் தலைப்புக்கென 40 பைட்டும் இருக்கும். பக்கத்து மேஜைக்காரர் பெரிய கோப்பொன்றை இறக்கிக்கொண்டிருக்கையில் இப்பாக்கெட்டுகள் வரிசையில் காத்து நிற்க நேர்ந்தால் பேச்சு விக்கத் தொடங்கும். ஒரு திசையில் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் அடங்குவது நலம் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. இதற்காகவே குரலுக்கு விலேன் எனப்படும் தனித் தடம் அமைத்து, அதன் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமைக் குறியும் இடுகிறார்கள். இதைச் செய்யாமல் இன்டர்நெட் வேகத்தை மட்டும் மேலும் மேலும் விலைக்கு வாங்குவது, என் அபிப்பிராயத்தில், வீண் செலவு.

ஆனால் அநுபவஸ்தர்களையும் திணற அடிக்கும் விஷயம் வேறொன்று. மணி அடிக்கிறது, எடுத்துப் பேசுகிறோம், நம் குரல் எதிர்முனைக்குத் தெளிவாகக் கேட்கிறது, அவர் குரல் மட்டும் நமக்குக் கேட்பதில்லை. அழைப்பை ஏற்பாடு செய்யும் ஸிப் என்ற நெறிமுறை வழக்கமாக 5060 என்ற போர்ட்டில் பேச, குரலோ முற்றிலும் வேறான போர்ட்டுகளில் தனி வழியே செல்வதுதான் இதற்கு மூலம். அழைப்பு ஏற்பாடாகும்போது, குரலை 192.168.1.20-க்கு அனுப்பு என்று நம் பெட்டி எதிர்முனைக்கு எழுதியனுப்புகிறது. அதுவோ உள்வீட்டு உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்ட எண்களுள் ஒன்று. எண்ணற்ற அலுவலகங்களில் அதே எண் புழங்குகிறது. அயலூர்க்காரருக்குக் கடிதம் எழுதி, பதிலைக் கிணற்றடிக்கு எதிர்வீட்டுக்குப் போடச் சொல்வதைப் போன்றது அது. பெட்டியின் அமைப்பில் அலுவலகத்தின் வெளி முகவரி இன்னது, உள் வலையமைப்பு இன்னது என்று இரண்டையும் பிரித்து எழுதி, குரலுக்குரிய போர்ட்டுகளை ரௌட்டரில் திறந்துவிட்டால் தொல்லை தீரும். இடையில், தானாக முன்வந்து இந்த முகவரிகளைத் திருத்தி உதவுவதாகச் சொல்லும் ஸிப் ஏஎல்ஜி என்ற வசதி அநேக ரௌட்டர்களில் உண்டு. உதவியைவிட உபத்திரவமே அதனால் அதிகம் என்று கண்டவர்கள், வந்தவுடன் முதல் வேலையாக அதை அணைத்துவிடுகிறார்கள்.

இதே பிழைக்கு இன்னொரு ரூபமும் உண்டு. வெளியிலிருந்து வரும் அழைப்பு நன்றாகப் பேசிக்கொண்டிருக்கையிலேயே 32-ஆவது விநாடியில் அறுந்துவிடும். நாம் எடுத்துவிட்டோம் என்று பெட்டி சொன்ன செய்திக்கு எதிர்முனை அனுப்பும் ஒப்புதல், தவறான முகவரியைத் தேடி வழியில் தொலைய, அரை விநாடியின் 64 மடங்கு காத்திருந்துவிட்டு அழைப்பைத் துண்டிக்கும்படி நெறிமுறையே விதித்திருக்கிறது. ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிற பரீட்சைகளில் இக்குறை அகப்படுவதே இல்லை.

கடிகாரத்தையும் மறத்தலாகாது. கிரீன்விச் நேரத்திலேயே ஓடும்படி விட்டுவிட்ட பெட்டி, நம்மூர்க் காலை 9 மணியை அதிகாலை 3.30 என்று கருதி, அலுவலகம் மூடியிருப்பதாக வாடிக்கைக்காரர்களுக்கு அறிவித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, எந்தச் சேவைகளைத் திறந்துவைப்பது என்பதைவிட எவற்றை மூடுவது என்ற கேள்விதான் கனமானது. 5060 போர்ட் எங்கெங்கே திறந்திருக்கிறதென்று இன்டர்நெட் முழுவதையும் துழாவும் புரோகிராம்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 100 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு 100 என்றே கடவுச்சொல் வைத்திருக்கும் பெட்டி அகப்பட்டால், ஆள் இல்லாத விடுமுறை இரவு ஒன்றில், நிமிஷத்துக்குப் பெருந்தொகை வசூலிக்கும் வெளிநாட்டு எண்களுக்கு அதன் வழியாக இடைவிடாமல் அழைப்புகள் செல்லும். வசூலில் ஒரு பங்கு அழைத்த மோசக்காரருக்கே போய்ச் சேரும். நம் லைனிலிருந்து போன அழைப்பு என்பதால் பில் நம் பெயருக்கு வரும். எனவேதான், நிர்வாகப் பக்கத்தை வெளி உலகுக்குக் காட்டாமல் மறைத்து, டெல்நெட் என்ற தொலைநுழைவு வசதியை அணைத்து, வெளிநாட்டு அழைப்பு தேவைப்படும் இரண்டொரு மேஜைகளைத் தவிர மற்றவற்றுக்கு அந்த வசதியை அடைத்துவிட்ட பிறகே, வேலை தெரிந்த டெக்னீஷியன் தம் லாப்டாப்பை மூடுகிறார்.