வெள்ளத்தில் உதவிய எளிய வலைச்செயலி

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளத்தில் சிக்கியோர் கைப்பேசி வழியாகவும் சமூக ஊடகங்கள் வழியாகவும் உதவி வேண்டினர். செய்திகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தமையால், யார் எங்கே உள்ளார், அவருக்கு என்ன தேவை என்பதை உடனே அறிவது அரிதாயிற்று.

இக்குறையைப் போக்க, கேரள மாநில அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்பும் தன்னார்வப் பொறியாளர்களும் இணைந்து 'கேரளா ரெஸ்க்யூ' என்னும் வலைச்செயலியை இயக்கினர். வலைச்செயலி என்பது உலவியிலேயே இயங்குவது; அதனைக் கைப்பேசியில் தனியே நிறுவ வேண்டியதில்லை.

அதன் அடிப்படை எளியது. உதவி வேண்டுவோர் பெயர், தொலைபேசி எண், இடம், தேவை ஆகியவற்றை ஒரு படிவத்தில் நிரப்புவர். அவை தரவுத்தளத்தில் சேரும். மீட்புப் பணியாளர் அவற்றைப் பட்டியலாகக் காண்பர். படிவம், தரவுத்தளம், பட்டியல் ஆகிய மூன்றுமே அதன் உயிர்நாடி.

இச்செயலி பைத்தான் மொழியில் அமைந்த 'ஜாங்கோ' என்னும் சட்டகத்தைக் கொண்டு எழுதப்பட்டது. ஜாங்கோ, அமெரிக்காவின் லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005இல் பொதுப் பயன்பாட்டிற்கு வெளியிடப்பட்டது. பெரும்பாலான செயலிகளுக்குப் பொதுவான பகுதிகள் அதில் முன்னரே ஆயத்தமாக உள்ளன. ஆதலால், தமக்கே உரிய தேவைகளை மட்டும் எழுதினால் போதும், காலம் மிச்சமாகும். கேரளா ரெஸ்க்யூவின் நிரல் வெளிப்படையாக இருந்தமையால், வெளியூர் வல்லுநரும் அதனைத் திருத்த உதவினர்.

சிறிய பணிகளுக்கும் இந்நெறி பொருந்தும். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர் ஒன்றின் நூலகத்திற்கு ஒரு செயலி வேண்டும் எனக் கொள்வோம். யார் பயன்படுத்துவர்? எவ்விவரங்கள் தேவை? அவற்றை யார் காணலாம்? இவ்வினாக்களுக்கு முதலில் விடை காண வேண்டும். நூற்பெயர், பெற்றவர் பெயர், பெற்ற நாள் ஆகிய மூன்றே போதுமானவை. ஒருங்குறி முறையில் தமிழ் நூற்பெயரும் மலையாள நூற்பெயரும் ஒரே அட்டவணையில் இடம்பெறும். பெற்றவர் விவரங்களை நூலகர் மட்டுமே காணுமாறு அமைத்தல் வேண்டும். நூல்கள் மிகச் சிலவாயின் ஒரு விரிதாளே போதும்; நிரல் எழுதவே வேண்டியதில்லை.

தேவையை அறிந்து சிறிதாகத் தொடங்குதலும், தேவை வளரும்போது விரிவாக்குதலுமே சிறந்த வழியாகும்.

அருஞ்சொற்பொருள்
உலவி – இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருள்
தரவுத்தளம் – விவரங்களை ஒழுங்குபடச் சேமிக்கும் இடம்
சட்டகம் – செயலி எழுதுவதற்கான ஆயத்த அடித்தளம்
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
ஒருங்குறி – பல மொழி எழுத்துகளுக்கும் உரிய பொதுக் குறியீட்டு முறை
விரிதாள் – கணினியில் அமைந்த கட்ட அட்டவணை

விடை எழுதுக
1. வெள்ளத்தின்போது மீட்புப் பணிக்கு ஏற்பட்ட இடர் யாது?
2. ஜாங்கோ சட்டகத்தால் காலம் மிச்சமாவது எவ்வாறு?
3. உம் பள்ளி விளையாட்டுப் பொருள்களுக்கு ஒரு செயலி அமைப்பின், எவ்விவரங்களைச் சேர்ப்பீர்? எவற்றை விடுப்பீர்? காரணம் கூறுக.