கதிரியக்கம் படிந்த காட்டில் பைன் விதைகள்

செவ்வழுகல் கண்ட தோட்டத்துக் கரும்புக் கரணை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நட்ட பின்தான் ஏமாற்றும். செர்னோபில் விபத்தால் கதிரியக்கம் படிந்த காடுகளின் பைன் விதைகளும் ஏறத்தாழ இப்படிப்பட்டவையே.

உக்ரைனில் உள்ள செர்னோபில் அணுஉலை 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்தது. அருகிலிருந்த பைன் மரங்கள் செந்நிறமாகிப் பட்டுப்போயின. இவை கொடைக்கானல் மலையில் நடப்பட்டுள்ள பைனுக்கு உறவானவை. அதே காட்டிலிருந்த பிர்ச் மரங்கள் பல பிழைத்தன. பாரம்பரியப் பண்புகளைத் தாங்கும் குரோமோசோம்கள் பைனில் மிகப் பெரியவை. ஆகவே கதிர் பாய்ந்தால் அவை முறிய வாய்ப்பு அதிகம்.

மண்ணில் படிந்த சீசியம் 137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் ஆகும். ஸ்ட்ரான்சியம் 90-க்கும் ஏறத்தாழ அவ்வளவே. சீசியம் சாம்பல் சத்தைப் போன்றது. ஸ்ட்ரான்சியம் சுண்ணாம்புச் சத்தைப் போன்றது. வேர் இவற்றையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. சருகு உதிர்ந்து மட்கும்போது இவை மறுபடியும் மண்ணுக்கே வந்து சேருகின்றன.

விபத்துக்குப் பின் முளைத்த கன்றுகள் பலவற்றில் நடுத்தண்டு ஓங்கவில்லை. பருத்தியில் நுனி கிள்ளியது போலப் பக்கக் கிளைகள் அடித்துப் புதராயின. இந்தக் கோணல் எல்லாம் சந்ததிக்குப் போகும் என்று எண்ணுவது தவறு. வளரும் குருத்து காயப்பட்டாலே இப்படி ஆகும். சந்ததிக்குப் போவது விதைக்குள் நேரும் மாறுதலே.

இதை அறிய, ரஷ்யாவின் பிரயான்ஸ்க் வட்டாரக் காடுகளில் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் பைன் விதை சேகரித்தனர். 1986-ல் கதிரியக்கத் தூசு மழையோடு இறங்கிய இடங்கள் அவை. விதைகளை முளைக்கவிட்டு, வேர் நுனியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தனர். தாய் மரங்கள் பசுமையாகவே நின்றன. ஆனால் முளைகளில் முறிந்த குரோமோசோம்கள், கதிரியக்கம் படியாத காட்டு விதைகளில் உள்ளதைவிட அதிகமாக இருந்தன. பதர் விதையோ கதிரியக்கத்துக்கு ஏற்பக் கூடவில்லை; ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கியது. எனவே பதரை எண்ணி விதையின் உள்சேதத்தை அறிய முடியாது.

கதிர் என்றாலே கேடு என்பதும் அல்ல. டிராம்பே நிலக்கடலை ரகங்கள் சிலவற்றின் மூலம், எக்ஸ் கதிர் பாய்ச்சிய விதைதான். ஆனால் அங்கே ஏராளமான செடிகளைப் பார்த்துக் கழித்து, நல்லதை மட்டும் எடுக்கிறார்கள். காட்டில் அப்படிப் பொறுக்கி எடுக்க ஆள் இல்லை.

நெல்லில் இரண்டே ஆண்டுகளில் நான்கு தலைமுறை பார்த்துவிடலாம். பைன் காய்க்கத் தொடங்கவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேண்டும். அதனால்தான் அந்தக் காடுகளிலிருந்து ஆண்டுதோறும் விதை எடுத்து முளைக்கவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.