காதும் சத்தம் போடும்!

வீட்டில் தங்கச்சி பிறந்ததும் வாப்பா அவளைக் கையில் ஏந்தி, வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்வார். பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். இத்தனை சின்னக் காதுக்கு அது கேட்குமா? கேட்கும். உம்மாவின் வயிற்றில் இருந்த கடைசி மாதங்களிலேயே அவள் கேட்கத் தொடங்கிவிட்டாள். உம்மாவின் குரல் அவளுக்குப் பழகிய குரல்.

ஆனால் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒருவர் முதல் மூவர் வரை காது சரியாகக் கேட்காமல் பிறக்கிறார்கள். முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அந்தக் குழந்தையும் அழும், சிரிக்கும், முதல் மாதங்களில் "ஆ... ஊ..." என்று சத்தமும் போடும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு வயதாகியும் பேச்சு வராதபோதுதான் தேடத் தொடங்குவார்கள். மூளை மொழியை மிக எளிதாகப் பிடித்துக்கொள்ளும் காலமோ அந்த முதல் வருடங்கள்தான்.

"கேட்குதா?" என்றால் பதில் சொல்லத் தெரியாத பிள்ளையை எப்படிச் சோதிப்பது? அவள் காதிடமே கேட்கலாம். காது பதில் சொல்லும்!

உட்காதில் நத்தைச்சுருள் என்றொரு உறுப்பு இருக்கிறது. விரித்தால் ஏறக்குறைய 35 மில்லிமீற்றர் நீளம். உள்ளே திரவமும், சுமார் 15,000 மயிர்க்கலங்களும் உள்ளன. சத்தம் வந்ததும் திரவம் அலைய, கலங்களின் நுண்மயிர்கள் கச்சான் காற்றில் வயல் சாய்வதுபோலச் சாயும். வெளி வரிசைக் கலங்கள் அதோடு நிற்பதில்லை. தாமே நீண்டு சுருங்கி, மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். அப்போது ஒரு நுண்ணொலி பிறந்து, சத்தம் வந்த வழியாலேயே வெளியே வரும்.

காது இப்படி ஒலி எழுப்பக்கூடும் என்று தோமஸ் கோல்ட் என்ற விஞ்ஞானி 1948இல் சொன்னார். அன்று அதைப் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. முப்பது வருடம் கழித்து, 1978இல், லண்டனில் டேவிட் கெம்ப் அந்த ஒலியை மைக் வைத்துப் பிடித்தே காட்டினார்.

இன்றைய பரிசோதனை அதுதான். பிள்ளை தூங்கும்போது மெத்தென்ற சிறு முனையைக் காதில் வைப்பார்கள். அது 'டிக் டிக்' என்று ஒலி அனுப்பும். அதிலுள்ள மைக் காதின் பதிலைக் கேட்கும். சில நிமிட வேலை. ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

பதில் வராவிட்டால் பயப்படக் கூடாது. பிறந்த புதிதில் காதுக்குள் ஈரம் அடைத்திருந்தாலும் பதில் வராது. அதனால் திரும்பவும் சோதிப்பார்கள். செவி நரம்பு மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறதா என்று அறிய, தலையில் சிறு உணரிகளை ஒட்டிப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு.

காது கேளாமல் பிறக்கப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை நம் நாடு வென்றிருக்கிறது. கர்ப்பிணித் தாய்க்கு ருபெல்லா என்ற நோய் வந்தால் பிள்ளையின் காது கெடலாம். இலங்கையில் 1996இல் அதற்கான தடுப்பூசி தொடங்கியது. இங்கு அந்த நோய் ஒழிந்துவிட்டதென உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் அறிவித்தது. ஊசி போடுவது எவ்வளவு பெரிய காரியம் பார்த்தீர்களா!

நீங்கள் செய்யவும் வேலை இருக்கிறது. ஆறு மாதம் தாண்டிய தம்பி, தங்கச்சியின் பின்னால் இருந்து, அவர்கள் கண்ணில் படாமல் கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். திரும்பிப் பார்க்கிறார்களா? கதவை அடித்துப் பார்க்காதீர்கள். அதன் அதிர்வு உடம்புக்கே தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இந்த விளையாட்டில் தெரியாமலும் போகலாம். அதனால் கிளினிக் போகும் நாளில், "பிள்ளைக்குக் காது பார்த்தாச்சா?" என்று கேட்கும்படி உம்மாவிடம் சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி. இதுதான் உலகெங்கும் வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. கேட்கும் கருவியோ சைகை மொழியோ, எதுவானாலும் நேரத்தோடு கிடைத்தால் அந்தப் பிள்ளையும் உங்களோடு கதைத்து, சண்டை பிடித்து, படித்து வளரும்.