ஊர் மாறலாம், ஊசித் தேதி மாறக் கூடாது

கோடை விடுமுறையின் கடைசி நாள்களில் நம் வீடுகளில் பல வேலைகள் ஒன்றாக வந்து சேரும். பள்ளி திறப்பதற்குள் குழந்தைகளைக் குன்னூருக்கோ கொடைக்கானலுக்கோ அழைத்துச் சென்றுவர வேண்டும். ஆடி பிறப்பதற்குள் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பால் காய்ச்சிக் குடியேற வேண்டும். வந்து போகும் உறவினர்களையும் நண்பர்களையும் உபசரிக்க வேண்டும். நாய் வளர்ப்போருக்கு அதனையும் உடன் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உண்டு. இத்தனை பரபரப்பில் ஒரு நகக்கீறலோ பல் தடமோ எளிதில் மறந்துபோகும். ஆனால் அது மறக்கத்தக்க காயம் அன்று.

ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயின் கிருமி, நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கிறது. காயத்தின் வழியே உடலில் புகும் அது நரம்புகளைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல நகர்கிறது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்குச் சில நாள்களிலேயே வெளிப்படலாம், அரிதாக ஓராண்டைக் கடந்தும் வெளிப்படலாம். தண்ணீரைக் கண்டு அஞ்சுதல் முதலிய அறிகுறிகள் தோன்றிவிட்டால், ஏறத்தாழ எப்போதும் மரணமே முடிவு. ஆயினும் அதற்கு முன்பே முறையாகச் சிகிச்சை பெற்றால் இந்நோயைத் தடுத்துவிட முடியும். அறிகுறி ஏதுமில்லாத அந்த இடைக்காலமே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

புதிய வீட்டில் நாயின் நிலை

நாய் தன் இருப்பிடத்தைப் பெரிதும் வாசனையால் அறிகிறது. வீடு மாறியதும் பழகிய வாசனை இல்லை. புதிய ஒலிகள், மின்தூக்கி, முன்பின் அறியாத முகங்கள். சாதுவான நாயும் சில நாள்கள் ஒளிந்துகொள்ளும், உண்ண மறுக்கும், தொட்டால் சீறும். ஆகவே, விருந்தினர் வரும் நாளில் அதன் பழைய விரிப்போடும் தண்ணீர்க் கிண்ணத்தோடும் ஓர் அமைதியான அறையில் விட்டுவையுங்கள். உண்ணும்போதும் உறங்கும்போதும் குழந்தைகள் அதனைக் கட்டியணைக்க விடாதீர்கள். மின்தூக்கியிலும் படிக்கட்டிலும் கழுத்துவாரைக் குறுகப் பிடியுங்கள்.

அந்தத் தெருவின் நாய்களுக்கும் நீங்கள் புதியவர்களே. உங்கள் நாயைக் கண்டு அவை பாய்ந்து வந்தால், இடையே கையை நீட்டி விலக்க முயலாதீர்கள்; பெரியவர்கள் கடிபடும் வழிகளுள் இதுவும் ஒன்று. நாய் துரத்தினால் ஓடாமல், கைகளை உடலோடு ஒட்டி, அதன் கண்களை உற்றுப் பாராமல் அசையாது நிற்கக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். சுற்றுலாத் தலங்களில் தின்பண்டத்தைப் பறிக்க வரும் குரங்கின் கடிக்கும், பூனையின் கடிக்கும் நாய்க்கடிக்குரிய அதே சிகிச்சைதான்.

முதலில் குழாயடி

கடிபட்டவுடன் ஓடும் தண்ணீரில், சோப்பு போட்டு, முழுமையாக 15 நிமிடங்கள் காயத்தைக் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுவது நல்லது. 15 நிமிடங்கள் நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். கிருமியின் பெரும்பகுதி இதிலேயே நீங்கிவிடும். பின்னர் போவிடோன் அயோடின் மருந்து இடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள், எண்ணெய் எதுவும் வேண்டா. இறுக்கிக் கட்டவும் வேண்டா. அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டி.டி. ஊசி போட்டாயிற்று என்று சிலர் வீடு திரும்பிவிடுகின்றனர். அது டெட்டனஸ் நோய்க்கானது, ரேபிஸைத் தடுக்காது.

உலக சுகாதார நிறுவனம் இத்தகைய தொடர்புகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. காயமில்லாத தோலை நாய் நக்கினாலோ, நாம் அதனைத் தொட்டாலோ அது முதல் வகை. கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. இரத்தம் வராத கீறலும் மேலோட்டமான பல் பதிவும் இரண்டாம் வகை. உடனே தடுப்பூசி வேண்டும். இரத்தம் வந்த கடி அல்லது கீறல், புண்ணின் மீதோ கண், வாய் ஆகியவற்றிலோ உமிழ்நீர் படுதல் ஆகியவை மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்தினுள்ளும் அதனைச் சுற்றியும் செலுத்த வேண்டும். தடுப்பூசி எதிர்ப்பாற்றலை உண்டாக்கச் சில நாள்கள் ஆகும். அதுவரை காப்பது இம்மருந்தே. முதல் தடுப்பூசியின்போதே இதனைப் பெறுவது நல்லது. அதன்பின் 7 நாள்கள் கடந்துவிட்டால் இதனைத் தருவதில்லை. எனவே இதற்காகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் தாமதியாமல் செல்லுங்கள்.

கடித்தது நம் வீட்டு நாய்தானே, அதற்கு ஊசி போட்டிருக்கிறோமே என்று காத்திருக்கலாகாது. நாய்க்குப் போட்ட தடுப்பூசி அபாயத்தைக் குறைக்கும். முற்றிலும் நீக்கிவிட்டதாகக் கொள்ள இயலாது. சிகிச்சையைத் தொடங்கிவிட்டு நாயைப் பத்து நாள்கள் கவனியுங்கள். அது நலமாக இருந்தால், எஞ்சிய ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

தேதிகளின் கணக்கு

முதல் ஊசி போடும் நாளையே பூஜ்ய நாளாகக் கொள்கிறோம். தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களிலும் ஊசி போட வேண்டும். மே 25 அன்று முதல் ஊசி என்றால், தோலினுள் போடுவோருக்கு மே 28, ஜூன் 1, ஜூன் 22 ஆகியவை அடுத்த தேதிகள். முதல் ஊசி சுற்றுலா சென்ற ஊரில், இரண்டாவது பழைய வீட்டருகே, மூன்றாவது பள்ளி திறக்கும் பரபரப்பில் என அமையும்போதுதான் சிகிச்சை பாதியில் நின்றுபோகிறது. ஊசிச் சீட்டு அட்டைப்பெட்டி ஒன்றில் அடங்கிவிடுகிறது; புண் ஆறியதும் நினைவும் போய்விடுகிறது. புண் ஆறுவது வேறு, நோயிலிருந்து காப்புப் பெறுவது வேறு. சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். அதனைக் காட்டி, குடியேறிய ஊரின் மருத்துவமனையிலேயே தொடரலாம். ஒரு தேதி தவறினால் அடுத்த நாளே செல்லுங்கள். பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கடிபட்டுப் பல நாள்கள் ஆகியிருந்தாலும், இனிப் பயனில்லை என்று எண்ணாமல் வாருங்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் இன்னும் சிலரிடம் உண்டு. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து; இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இன்றைய ஊசி கையில் போடப்படுவது. பத்தியமும் தேவையில்லை. குன்னூர் சிம்ஸ் பூங்காவிற்குச் செல்வோர் அருகிலேயே பாஸ்டர் நிறுவனத்தைக் காணலாம். 1907இல் அது தொடங்கப்பட்ட காலத்தில், கடிபட்டோர் தொலைவிலிருந்தும் மலையேறி அங்கே சென்றனர். இன்று அரசு மருத்துவமனைகளில் இத்தடுப்பூசி கட்டணமின்றிக் கிடைக்கிறது.

நம் நோயாளிகளுக்கு

புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோருக்கு எதிர்ப்பாற்றல் குறைவாக இருக்கும். இரத்தம் வராத கீறலுக்கும் இவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் தேவைப்படலாம். ஆகவே உங்கள் நோயையும் மருந்துகளையும் ஊசி போடுமிடத்தில் தவறாமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இத்தடுப்பூசியைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

குழந்தைகள் கடிபட்டதை மறைப்பதுண்டு. ஊசிக்கு அஞ்சுவார்கள், திட்டு விழும் என்று அஞ்சுவார்கள், தான் விரும்பும் நாயை வெளியேற்றிவிடுவார்களோ என்றும் அஞ்சுவார்கள். எனவே கண்டிப்பதை விடுத்து, மாலையில் கைகால் கழுவிவிடும்போது, இன்று எந்த நாயோடு விளையாடினாய் என்று இயல்பாகக் கேளுங்கள். கீறல் கண்டால் அங்கேயே சோப்பை எடுத்துக் கழுவத் தொடங்குங்கள். கேள்விகளைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.